கைக்கோடாலி வாங்குவோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நாள்களில் தோட்டத்திலோ மலையடிவாரத்து எஸ்டேட்டிலோ கூடாரம் அடித்துத் தங்கும் வழக்கம் நம் கொங்குப் பகுதி இளைஞர்களிடையே பெருகி வருகிறது. கூடாரத்தைப் பத்துக் கடை ஏறி இறங்கி வாங்குகிறவர்கள், விறகு பிளக்கும் கைக்கோடாலியை மட்டும் படத்தையும் விலையையும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். சாரணர் ஆசிரியராக இருந்து பல ஆண்டுகள் மாணவர்களை முகாமுக்கு அழைத்துச் சென்றவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

சென்ற கோடையில் என் பேரன் இணையத்தில் வாங்கிய கோடாலி, பவானி ஆற்றோரம் உறவினர் தோட்டத்தில் நாலாவது வெட்டிலேயே காம்பை விட்டுக் கழன்று, பக்கத்தில் நின்ற பையனின் காலுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. எடுத்துப் பார்த்தபோது, காம்பின் நுனி இரும்பின் துளையை முழுவதும் நிரப்பவே இல்லை. மிச்ச இடத்தில் பசையை ஊற்றி மேலே கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். ஆப்பு என்ற ஒன்று அதில் கிடையாது.

முதலில், கோடாலி தேவைதானா என்று யோசிக்க வேண்டும். தென்னை மட்டையையும் காய்ந்த சுள்ளியையும் எரிப்பதற்கு வீட்டில் இருக்கும் அரிவாளே போதும். மணிக்கட்டுப் பருமனுள்ள வேலங்கட்டையைப் பிளக்க வேண்டியிருந்தால்தான் கோடாலிக்கு வேலை. அதற்கும் இரும்பு மட்டும் 500 முதல் 700 கிராம் வரையிலும், காம்பு ஒரு அடிக்குச் சற்று மேலும் இருந்தால் சரியாக இருக்கும். இதைவிடக் கனமானது பையில் சுமை. இலேசானது கட்டையில் இறங்காமல் துள்ளும்.

காம்பைப் பார்ப்பதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். சாயமோ தடித்த வார்னிஷோ பூசிய காம்பை நான் வாங்குவதில்லை; அதன் அடியில் முடிச்சு இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று தெரியாது. காம்பின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் மரத்தின் ரேகைகள் தெரியும். அவை கோடாலியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, இருக்கும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அந்தக் காம்பு ஒருநாள் முறியும். பக்கவாட்டிலும் ரேகை நடுவழியில் விலகி வெளியேறாமல், கூடியமட்டும் மேலிருந்து கீழ்வரை நீண்டு வர வேண்டும். பிறகு வாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அது காம்போடு ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆடிய கோடாலியைத் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஊறிய மரம் துளைக்குள் நெருக்குண்டு நசுங்குவதால், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். புது ஆப்பு அடிப்பதே முறை. ஆளிவிதை எண்ணெயைக் காம்புக்கு அவ்வப்போது தேய்த்து வந்தால் மரம் எளிதில் வறளாது.

இரும்பின் தரத்தைப் பளபளப்பு காட்டாது, அரம் காட்டும். கடைக்காரரின் அனுமதியோடு வாயின் ஓரத்தில் ஒரு சிறு அரத்தை மெல்ல இழுத்துப் பார்க்கலாம். கண்ணாடியில் இழுத்ததுபோல் வழுக்கினால், காய்ச்சி முக்கிக் கெட்டிப்படுத்தும் தோய்ச்சலில் இரும்பு மிகக் கடினமாகிவிட்டது என்று பொருள். முடிச்சில் பட்டால் வாய் சில்லுச் சில்லாகப் போகும். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் ஒரு கட்டைக்கே மழுங்கிவிடும். தயங்கித் தயங்கிக் கடிக்கிற இரும்பே நல்லது. காங்கயத்திற்கு அருகில் நான் வழக்கமாகச் செல்லும் பட்டறைக்காரர், பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துக் கோடாலி செய்து தருகிறார். தோய்ச்சலுக்கு எதற்கு இவ்வளவு நேரம் என்று ஒருமுறை கேட்டபோது, "அவசரப்பட்டா வாய் போயிருமுங்க" என்றார். நொய்யற்கரைக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கிய மண் இது என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனாலும் எல்லாப் பட்டறை வேலையும் ஒன்றுபோல் இருக்காது என்பதால் அங்கேயும் அரத்தைக் கையோடு கொண்டுபோவதே நல்லது. இரும்பை மட்டும் பட்டறையில் வாங்கி, காய்ந்த காம்பை ஆசாரியிடம் தனியாகப் போட்டுக்கொண்டது எனக்குச் செலவிலும் குறைவாகவே வந்தது.

முழுக்க ஒரே இரும்பால் ஆன கோடாலியில் தலை கழலும் பயம் இல்லை. ஆனால் அதிர்ச்சி நேரே கைக்கு வரும். சுத்தியல், ரம்பம், ஆணி பிடுங்கி எல்லாம் ஒன்றிலேயே அடங்கியவை எந்த வேலைக்கும் உதவாதவை என்பது என் அனுபவம்.

காம்பு குட்டையாக இருப்பதால், குறி தவறினால் கோடாலி நேரே முழங்காலுக்கு வரும். ஆகவே நின்றுகொண்டு வெட்டாமல், மண்டியிட்டு, அடிக்கட்டையின் மேல் வைத்து வெட்ட மாணவர்களைப் பழக்கினோம். கோடாலியின் வாயை மூடிவைக்கப் பழைய சைக்கிள் டயரை வெட்டித் தைத்த உறையே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனைமலை, சத்தியமங்கலம் காடுகளுக்குள் இதை எடுத்துச் செல்ல நினைப்பவர்கள் முன்னதாக வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சரணாலயங்களுக்குள் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

இணையத்தில் விற்போர் இரும்பின் எடை, எஃகின் வகை, காம்பு எந்த மரம் என்ற மூன்றையும் குறிப்பிட்டு, காம்பின் அடிப்பக்கத்தைக் காட்டும் ஒரு படத்தையும் வெளியிட்டால் வாங்குகிறவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். தங்கள் நாளிதழ் இதை வலியுறுத்தி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.