எங்கள் மாடிக்கு வந்து அளந்து சொல்லுங்கள்

சிங்கப்பூரில் கைப்பேசிக் கோபுரங்களைக் கண்காணிக்கும் ஆணையத்தாருக்கும் எங்கள் நகர மன்றத்தாருக்கும் வணக்கம்.

எதிர் அடுக்குமாடிப் புளோக்கின் மொட்டைமாடியில் புதிய கைப்பேசி ஆன்டெனாக்கள் ஏறியதும், அதைப் பற்றி நாங்கள் எழுதியதும், நீங்கள் பதில் அனுப்பியதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். கடைசியாக வந்த பதிலைப் படித்த பிறகே இதை எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன். "அனைத்துலக வரம்புக்கு உட்பட்டே இருக்கிறது" என்று அதில் ஒரே ஒரு வரி. எங்கள் வீடுகளில் அந்த ஆன்டெனாக்களின் கதிர்வீச்சு எவ்வளவு இருக்கிறது என்று எங்கேயும் இல்லை. நாங்கள் கேட்டது அந்த எண்ணைத்தான்.

கோபுரத்தைக் கழற்றச் சொல்லி யாரும் மனு போடவில்லை. இதனால் நோய் வந்துவிட்டது என்றும் சொல்லவில்லை. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் இந்தக் கதிர்வீச்சைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்ததையும் படித்தேன். கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் செய்யப்பட்ட ஆய்வுத் தொகுப்பு 2024இல் சொன்னதையும் படித்தேன். எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வீரியம் இதற்குக் கிடையாது. மிக அதிக அளவில் உடலைச் சூடாக்கும் என்பதுதான் உறுதியாகத் தெரிந்த விளைவு. இவ்வளவும் உங்கள் பக்கம் சாதகமாக இருக்கும்போது அளவைச் சொல்ல என்ன தயக்கம்?

பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து வீடு திரும்பியவர். அவருடைய படுக்கையறைச் சன்னலைத் திறந்தால் நேர் எதிரே, ஏறக்குறைய அதே உயரத்தில் ஆன்டெனாக்கள். அந்தச் சன்னல் முழுக்க இப்போது சமையல் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறது. வெயிலில் பசை இளகித் தாள் சுருண்டு விழ, மறுபடி மறுபடி அதை நீவி ஒட்டுகிறார். காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அறை வெந்துபோவதால் கூடத்தில், செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் மெத்தையைப் போட்டுப் படுக்கிறார். போதாததற்கு, கைப்பேசியின் பின்புறம் ஒட்டினால் கதிரை உறிஞ்சிவிடும் என்று யாரோ ஒரு ஒட்டுவில்லையை அவருக்கு விற்றிருக்கிறார்கள். சிக்னல் குறையக் குறைய, கோபுரத்தை எட்டுவதற்காகக் கைப்பேசி இன்னும் பலமாக அலையை அனுப்பும். அதாவது தாளும் ஒட்டுவில்லையும் சேர்ந்து, காதோரம் இருக்கும் கருவியைத்தான் கூடுதலாக உழைக்க வைக்கக்கூடும். இதை நான் எடுத்துச் சொன்னபோது அவர் கேட்டார்: "அப்போ எவ்வளவு வருதுன்னு யாராவது அளந்து சொல்லட்டுமே தம்பி, நானே கிழிச்சுப் போட்டுடுறேன்."

அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

அளக்க ஆள் வந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பகல் நேரத்தில், கீழே வெற்றுத்தளத்தில், அதாவது வீடுகள் இல்லாத திறந்த தரைத்தளத்தில் நின்று, கருவியைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுப் போய்விட்டார்கள். விளக்கடி இருட்டு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும். இந்த ஆன்டெனாக்கள் அலையைக் காலடியில் கொட்டுவதில்லை. லேசாகக் கீழே சாய்த்து, கிட்டத்தட்ட படுக்கைவாக்கில் வெளியே அனுப்புகின்றன. அதன் பாதையில் இருப்பது எதிரே உள்ள எங்கள் புளோக்கின் மேல்மாடிகள், அதாவது நாங்கள். வெற்றுத்தளத்தில் எடுத்த அளவு வெற்றுத்தளத்துக்குத்தான் செல்லும். அங்கே யாரும் படுத்துத் தூங்குவதில்லை.

நீங்கள் சொல்லும் வரம்பும் ஒரே எண் அல்ல. அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் (ICNIRP) 2020இல் திருத்திய வழிகாட்டியின்படி பொதுமக்களுக்கு 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 4.5 வாட், 1800இல் 9 வாட், 2000க்கு மேலே 10 வாட். அதுவும் 30 நிமிடச் சராசரி. சன்னலைத் திறந்து வைத்து, எல்லாரும் வீடு திரும்பிக் காணொளி பார்க்கும் மாலை வேளையில், அந்த 30 நிமிடமும் நின்று, ஒவ்வோர் அலைவரிசையிலும் எவ்வளவு என்று அளந்து கொடுங்கள். வரம்பில் 1 விழுக்காடு என்றாலும் 'உட்பட்டது'தான், 90 விழுக்காடு என்றாலும் 'உட்பட்டது'தான். எங்கள் வீட்டில் எது?

இந்த ஊரில் எண்ணைச் சொல்வது புதிதல்ல. புகைமூட்டம் வந்தால் மணிக்கு மணி காற்று மாசைக் காட்டும் பிஎஸ்ஐ அளவு கைப்பேசிக்கே வருகிறது. டெங்கி பரவினால் எத்தனை பேருக்கு என்ற கணக்கோடு புளோக்கிலேயே பதாகை தொங்குகிறது. நாங்கள் கலவரம் செய்யவில்லை. சன்னலை மூடினோம், பூந்தொட்டித் தண்ணீரைக் கொட்டினோம். எண்ணைக் கொடுத்தால் நிதானமாக நடந்துகொள்ளத் தெரிந்தவர்கள்தான் நாங்கள். கோபுர விஷயத்தில் மட்டும் ஏன் எங்களைக் குழந்தைகளைப் போல் நடத்துகிறீர்கள்? சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளம், அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு, பலதுறை மருந்தகச் சந்திப்பு என்று எல்லாவற்றுக்கும் கைப்பேசியை எடு என்கிறீர்கள். எழுபது வயதுக்காரர்களும் திட்டிக்கொண்டாவது பழகிவிட்டார்கள். அந்தக் கைப்பேசிக்குக் கோபுரம் வேண்டும் என்பது எங்களுக்குப் புரியாதா? புரிந்துகொண்டவர்களிடம் ஒளிப்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

பிரான்சில் 2014 முதல், கேட்பவர் வீட்டுக்கே வந்து இலவசமாக அளந்து, முடிவைப் பொதுவில் வெளியிடுகிறார்கள். செலவு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வரிப் பணத்திலிருந்து வருகிறது. இந்தியா 2012இல் வரம்பையே பத்தில் ஒன்றாகக் குறைத்தது. அப்படிக் குறையுங்கள் என்றுகூட நான் வாதாடவில்லை. இருக்கிற வரம்பையே வைத்துக்கொள்ளுங்கள், அதில் எங்கள் வீடு எங்கே நிற்கிறது என்று மட்டும் காட்டுங்கள்.

கோபத்தில் சில இடங்களில் குரல் உயர்ந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து கருவியோடு 14ஆம் மாடிக்கு வாருங்கள். அக்கா வீட்டிலும் எங்கள் வீட்டிலும் அளந்து பாருங்கள். எண்ணைக் காகிதத்தில் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, மின்தூக்கிக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மலாய், சீன மொழிகளிலும் போட்டால் நல்லது, எல்லா வீட்டிலும் இதே கேள்விதான். என்றைக்கு வருகிறீர்கள் என்று ஒரு வாரம் முன்னால் தெரிவித்தால் போதும். நான் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன், அக்கா எப்போதும் வீட்டில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
14ஆம் மாடிக் குடியிருப்பாளர்