வரிசையில் முதலில் நிற்கும் பொடியனுக்கும் ஓர் இடம்: பி.டி. சார்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்துப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

அணிக்கு ஆள் எடுக்கும் நாளில் நடப்பது உங்களுக்கே தெரியும். கையும் காலும் நீண்டவர்கள் கபடிக்கும் வாலிபாலுக்கும் போய்விடுவார்கள். பிரேயர் வரிசையில் முதலில் நிற்கிற பொடியன் ஸ்கோர் நோட்டோடு கோட்டுக்கு வெளியே உட்காருவான். எங்கள் வீட்டுப் பிள்ளையும் அப்படி உட்கார்ந்தவன்தான். அவனுக்கும் சேர்த்தே கேட்கிறேன்: முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் ரக்பியைப் பள்ளிக்குள் கொண்டுவாருங்கள்.

தடியர்கள் ஆட்டமாயிற்றே என்பீர்கள். ஆரோன் ஸ்மித்தைப் பாருங்கள். நியூசிலாந்தில் ஃபீல்டிங் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர், உயரம் 171 செ.மீ. பள்ளி முடித்ததும் முடிவெட்டும் தொழில் பழகினார். 2012ல் நாட்டு அணிக்குள் வந்து 2023 வரை 125 டெஸ்ட் (ரக்பியில் நாடுகளுக்கிடையிலான ஆட்டம்) ஆடினார். 2015ல் உலகக் கோப்பையும் வென்றார். அதே அணியில் பிராடி ரெட்டாலிக் 204 செ.மீ. அப்படிப்பட்ட மலைகளை 'அங்கே போ, இங்கே தள்ளு' என்று கத்தி வேலை வாங்கியவர் 9ஆம் எண் சட்டை போட்ட ஸ்மித். அந்த 9ஆம் எண்காரரை ஸ்க்ரம்-ஹாஃப் என்பார்கள்; அவர் வேலையே அது.

ஆள்மேல் ஆள் விழுந்து கிடக்கும் குவியலின் அடியில் பந்து எட்டிப் பார்க்கும். ஸ்மித் ஓடிவந்து, பந்துக்குப் பக்கத்தில் காலை ஊன்றி, குனிந்த வாக்கிலேயே ஒரே வீச்சில் அனுப்பிவிடுவார். பந்தைத் தூக்கி, கையைப் பின்னால் இழுத்து, அப்புறம் எறிவதெல்லாம் கிடையாது. அதற்குள் எதிரணிக்காரன் வந்து அமுக்கிவிடுவான். தரைக்கும் கைக்கும் தூரம் குறைவாக இருப்பது இங்கே வசதி. அவருடைய கடைசி டெஸ்ட், 2023 உலகக் கோப்பை இறுதியாட்டம். அதில் அவர் போட்ட டிரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) செல்லாமல் போனதும், 12-11 என்று ஒரே புள்ளியில் தோற்றதும் எனக்கு இன்னும் ஆறவில்லை. சரி, அதை விடுங்கள்.

ஜப்பானின் ஃபுமியாக்கி தனாகா இன்னும் குள்ளம், 166 செ.மீ. 2013ல் ஸ்மித் ஆடிய ஹைலேண்டர்ஸ் அணியிலேயே சேர்ந்து, சூப்பர் ரக்பி என்ற கிளப் போட்டியில் இறங்கிய முதல் ஜப்பானியர் ஆனார். 2015 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று ஜப்பான் சாய்த்த ஆட்டத்தைத் தொடங்கிய ஸ்க்ரம்-ஹாஃப் அவர்தான்.

நம் பொட்டலில் விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும் என்ற பயம் நியாயம். செம்மண்ணும் சரளையுமான தரை. அதனால் முதல் வருஷம் டேக் ரக்பி போதும்: இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் பிடித்த கணக்கு, யாரையும் கீழே தள்ள வேண்டாம். பெண் பிள்ளைகளும் சேர்ந்தே ஆடலாம். பழகிய பிறகு ஏழு பேர் ஆட்டம். பாதிக்கு 7 நிமிடம்தான், ஒரு பி.டி. பீரியடுக்குள் முடிந்துவிடும். உங்களில் பலர் அழகப்பாவில் உடற்கல்வி படித்தவர்கள், விதிகளை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025ல் இந்தியாவில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் கோப்பையை எடுத்தது சென்னை புல்ஸ் என்பதைத் தலைமையாசிரியரிடம் பேசும்போது மறக்காமல் சொல்லுங்கள்.

9ஆம் எண்ணுக்கு ஆள் தேடும்போது, வாய் ஓயாததற்காக வகுப்புக்கு வெளியே நிற்கும் குட்டையனை முதலில் கூப்பிடுங்கள். பந்துக்கும் பட்டைக்கும் ஆகும் செலவை எங்கள் தெருக்காரர்கள் சிலர் பகிர்ந்துகொள்ளத் தயார். முழுப் பரீட்சை முடிந்ததும் எந்தத் திடல், எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோட்டையூர்ப் பெற்றோர் ஒருவர்