பிரித்துப் போட்ட எழுத்துகள்

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, படிக்கக் கூடாது என்று மருமகள் பிடுங்கிக்கொண்டாள். பிறகு அவளே உரக்கப் படித்தாள். உன் தம்பி வீட்டுத் தகராறு பேசித் தீர்ந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. முழங்காலுக்கு எண்ணெய் மட்டும் தேய்த்துக்கொண்டிருக்காதே, டாக்டரைப் பார்.

உன் பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். எழுத்துக் கட்டைகளை வைத்து ஆங்கில வார்த்தை கோக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் ஏ, ஜி, ஐ, என், ஆர், எஸ், டி என்று ஏழு கட்டை அவள் கையில் வந்து, தாத்தாவும் பேத்தியும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் வார்த்தை கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். (கடைசி டி, டேபிளுக்கு வரும் டி. நம் எழுத்தில் இரண்டு டி-யும் ஒன்றாகிவிடுகிறது, அதனால் சொல்கிறேன்.) இதற்கு வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. அது உனக்கும் எனக்கும் பழகிய வழிதான்.

மதுரை அச்சகத்தில், ஈய எழுத்துகளைப் பக்கமாகக் கோத்த பாரத்தை அச்சடித்து முடிந்ததும் என்ன செய்வோம்? கோத்த எழுத்தை எல்லாம் பிரித்து அதனதன் அறையில் போடுவோம். வார்த்தை போய்விடும், எழுத்து மட்டும் மிஞ்சும். வழி அவ்வளவுதான். கையில் இருக்கும் எழுத்துகளை ஏ, பி, சி வரிசையில் அடுக்கிவிட வேண்டும். அகராதியில் உள்ள ஒவ்வொரு வார்த்தையையும் அதேபோல் பிரித்து அடுக்கி, ஒரே அடுக்கு வருகிற வார்த்தைகளை ஒரே அறையில் போட்டு வைத்தால், தேட வேண்டியதே இல்லை. அறையைத் திறந்தால் போதும். போட்டிகளில் ஆடுபவர்கள் மனப்பாடம் செய்வதும் இந்த அடுக்கைத்தான். என் பேரன் கணினியில் இதைச் செய்து காட்டினான். போட்டிக்குரிய ஆங்கிலப் பட்டியலில் சுமார் 2,80,000 வார்த்தைகள் இருக்கின்றன. அத்தனையும் கண் சிமிட்டும் நேரத்தில் அறை பிரிந்துவிட்டன.

லிசன், சைலன்ட், என்லிஸ்ட், டின்சல். இந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பார். ஒன்றுக்கொன்று உறவு இருப்பதாகக் காதுக்குத் தெரிகிறதா? நான்கும் ஒரே அறை: இ, ஐ, எல், என், எஸ், டி. லிசனில் டி இருப்பதே ஒலியில் இல்லை. நாம் தடுக்கி விழுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். சொல்கிறபடி எழுதுகிற பாஷையில் வளர்ந்தவர்கள் நாம், முதலில் ஒலியைத் தேடுகிறோம். கையில் இருக்கும் எழுத்துகளை ஒலியாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, அது எங்கேயும் போய்ச் சேரவில்லை என்றதும் விட்டுவிடுகிறோம். காதை மூடிக்கொண்டு கண்ணால் தேட வேண்டும், முத்தையா.

நீயும் நானும் கம்போசிங்கில் சேர்ந்தபோது நமக்கு என்ன ஆங்கிலம் தெரியும்? கல்யாணப் பத்திரிகையும் கோர்ட் நோட்டீசும் பக்கம் பக்கமாகக் கோத்தோம். தலைகீழாக, இடவலம் மாறி நிற்கும் எழுத்தில் ஒரு என், யு மாறியிருந்தால் உடனே பிடித்துவிடுவாய். அர்த்தம் பிறகுதான் வந்தது, பல வார்த்தைகளுக்கு வரவே இல்லை. நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸைப் பற்றிக் கேட்டபோது எனக்கு நம் ஞாபகம்தான் வந்தது. 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில் ஜெயித்தவர் அவர். பிரெஞ்சு பேசத் தெரியாது! வார்த்தைப் பட்டியலை எழுத்து எழுத்தாக மனத்தில் ஏற்றிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார். உலகமே ஆச்சரியப்பட்டது. எனக்கு ஆச்சரியத்தைவிடப் பாசம்தான் அதிகமாக வந்தது, நம் ஜாதி ஆள் என்று.

பேத்தி கையில் இருந்த ஏழுக்கு வருகிறேன். அகராதி இல்லாமல் தேடும்போது, அடிக்கடி சேர்ந்தே வரும் எழுத்துகளை முதலில் ஒதுக்கி வைக்கச் சொல். இங்கே ஐ-என்-ஜி. மீதி ஏ, ஆர், எஸ், டி. உடனே ஸ்டார் என்று தோன்றும். ஆனால் ஸ்டாரிங் என்று எழுத இரண்டு ஆர் வேண்டும், கையில் ஒன்றுதான். அதே ஒரு ஆரோடு எழுதினால் ஸ்டேரிங், முறைத்துப் பார்ப்பது. கிடைத்துவிட்டதா? இங்கேயே நிற்க வேண்டாம். அந்த ஐ-என்-ஜி கடைசியில்தான் வர வேண்டும் என்று சட்டம் இல்லையே. அதற்குப் பின்னால் எஸ்ஸை வை: ரேட்டிங்ஸ். டிவியில் தினமும் கேட்கிற வார்த்தை! ஏழு கட்டையும் ஒரே முறையில் இறங்கியதற்கு 50 புள்ளி கூடுதல்.

இன்னொரு வகைப் புதிரும் அவளுக்கு வரும். இரண்டு மூன்று எழுத்து மட்டும் கொடுத்து, மற்றவை எதுவானாலும் சரி என்பார்கள். அப்போது அபூர்வ எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். க்யூ, ஸெட், டி மூன்றும் வேண்டுமென்றால் டி-யில் தொடங்கினால் விடியும்வரை தேடலாம். க்யூ-வில் தொடங்கினால் க்வார்ட்ஸ் சீக்கிரம் வந்து நிற்கும். எது அபூர்வம் என்று உனக்கு யாரும் சொல்ல வேண்டாம். அச்சகத்தின் ஆங்கில எழுத்துப் பெட்டியில், அந்தக் கேஸில், சின்ன இ-யின் அறைதான் எல்லாவற்றிலும் பெரிது, கை தானாகப் போகும். ஸ்கிராபிளை உண்டாக்கிய ஆல்ஃபிரெட் பட்ஸ் 1930-களின் பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்த கட்டடக்கலைஞர். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் கட்டைகளைப் பங்கிட்டாராம். 100 கட்டையில் இ மட்டும் 12. க்யூ ஒன்றே ஒன்று, அதற்கு 10 புள்ளி.

போன வாரம் ஏ தவிர வேறு உயிரெழுத்தே இல்லாத நீளமான வார்த்தைகளைத் தேடச் சொன்னேன் பேரனை. பட்டியலில் காட்டமரான் வந்தது. நம் கட்டுமரம்! நான்கு ஏ-யைச் சுமந்துகொண்டு ஆங்கில அகராதியில் மிதக்கிறது. மனசு நிறைந்துபோனது.

அச்சகத்து எழுத்தை எல்லாம் எடைக்குப் போட்ட அன்று, ஒரு சின்ன இ-யை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அதை இந்தக் கடிதத்தோடு பஞ்சில் சுற்றி அனுப்புகிறேன், பேத்திக்குக் கொடு. தலைகீழாகப் படிக்க நீயே கற்றுக்கொடு.

அவளுக்கு ஒரு அறையும் தருகிறேன்: ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி. உள்ளே ஐந்து வார்த்தையாவது இருக்கிறது. அதில் ஒன்றைப் பன்மை இல்லாமல் என் கண் டாக்டர் போகும்போதெல்லாம் சொல்கிறார்.

அன்புடன்,
சங்கரலிங்கம்