உமியிலிருந்து கிராஃபீனா?

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, மற்றபடி புதிதாக ஒன்றுமில்லை. சரி, உமி, வைக்கோலிலிருந்து கிராஃபீன் எடுத்து விற்கலாம் என்று உன் மகன் கணக்குப் போடுகிறானே, அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கார்பன் கிடைக்கும், அதில் சந்தேகமே இல்லை. காய்ந்த தாவரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன்தான். ஆனால் கிராஃபீன் என்பது ஒரே ஓர் அணு கனத்தில், அறுகோணக் கட்டங்களாக ஒழுங்காக விரிந்த தாள். தாவரத்தின் உடலைக் கட்டியிருக்கும் செல்லுலோஸும் லிக்னினும் சூட்டில் உருகி ஓடுவதில்லை, இருந்த இடத்திலேயே கரியாகி இறுகிவிடுகின்றன. அப்புறம் அடுக்குகள் நேராகப் படிய வழி ஏது? ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் (டிஎன்ஏ படம் எடுத்த அதே அம்மையார்தான்) 1951-லேயே சில வகைக் கரிகள் 3000 டிகிரி வரை சூடேற்றினாலும் கிராஃபைட்டாக (கிராஃபீன் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது, பென்சில் முனையில் இருப்பது) மாறுவதில்லை என்று காட்டிவிட்டார். இரும்பு, நிக்கல் உப்புகளைச் சேர்த்தால் கொஞ்சம் வழிக்கு வரும். 2020-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூரின் குழு, கரிப்பொருளுக்குள் மின்சாரத்தைச் சட்டென்று பாய்ச்சி, ஒரு நொடிக்குள் சுமார் 3000 கெல்வினுக்கு ஏற்றி, உணவுக் கழிவிலிருந்துகூட கிராஃபீன் எடுத்தது. ஆனால் சாதாரண உலையில் வாட்டிய கரிக்கெல்லாம் கிராஃபீன் என்று பெயர் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என்னைக் கேட்டால், ஒழுங்கு வராது என்று தெரிந்த பொருளை வைத்துக்கொண்டு ஒழுங்குக்காக மல்லுக்கட்டுவானேன்? ஒழுங்கில்லாமையையே விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். லித்தியத்துக்குப் பதில் சோடியத்தை வைத்து ஓடும் சோடியம் அயனி பேட்டரியை எடுத்துக்கொள். கிராஃபைட்டில் அடுக்குகளின் இடைவெளி 0.335 நானோமீட்டர்தான், சோடியம் அதற்குள் சரியாகத் தங்குவதில்லை. தாவரக் கரியை 1000 டிகிரிக்கு மேல் காற்றில்லாமல் சூடேற்றினால் வரும் ஹார்ட் கார்பன், கசக்கிப் போட்ட காகிதக் குவியல் மாதிரி. இடைவெளியும் கொஞ்சம் அகலம், உள்ளே குட்டிக் குட்டித் துளைகளும் உண்டு, சோடியம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் சார்ஜில் கொஞ்சம் சோடியம் திரும்பி வராமல் சிக்கிக்கொள்கிறது என்ற தொல்லை உண்டு, அதைக் குறைக்கத்தான் பலரும் உழைக்கிறார்கள். மின்சாரத்தைத் தன் பரப்பில் சேமித்துச் சட்டென்று திருப்பித் தரும் சூப்பர் கெபாசிட்டருக்கு வேண்டுமென்றால் அதே கரியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தோடு 700, 800 டிகிரியில் வேகவைக்க வேண்டும். ஒரு கிராமுக்கு 2000 சதுர மீட்டருக்கு மேல்கூட பரப்பு கிடைக்கும், ஆனால் காரம் பாத்திரத்தை அரித்துவிடும், கழுவிய தண்ணீரை என்ன செய்வது என்பது தனித் தலைவலி.

கார்பன் டாட் (ஒளிரும் நுண்ணிய கார்பன் துகள்) பற்றியும் அவன் கேட்டானாம். 2004-இல் கார்பன் நானோகுழாய்களை (மிக நுண்ணிய கார்பன் குழாய்கள்) சுத்தம் செய்யும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டவை அவை. பழத்தோலையோ இலையையோ தண்ணீரோடு ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய கலன்) அடைத்து 200 டிகிரி வாக்கில் சில மணி நேரம் வைத்தால் போதும், புறஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். பார்க்க அழகுதான், ஆனால் டயாலிசிஸ் செய்து, அதாவது நுண்துளைச் சவ்வு வழியாகச் சின்ன மூலக்கூறுகளை வெளியேற்றிப் பிரிக்காமல் நம்பாதே. ஒளிர்வது பக்கத்தில் உண்டான சின்ன மூலக்கூறுகளாகக்கூட இருக்கலாம்.

இதெல்லாம் அப்புறம். முதலில் அவனிடம் இருக்கும் கழிவில் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று பார்க்கச் சொல். உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பலாக நிற்கும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. அதைக் காரத்தில் கரைத்து எடுக்காவிட்டால் கார்பன் சுத்தமாக வராது. எடுத்தால் சிலிக்காவையும் தனியாக விற்கலாம், செலவு கொஞ்சம் ஈடுகட்டும். தேங்காய்ச் சிரட்டையில் சாம்பல் மிகக் குறைவு, அது கிடைக்குமா என்றும் விசாரிக்கச் சொல். கழிவு அறுவடைக்கு அறுவடை மாறும் என்பதால் ஒரே மூட்டையை மட்டும் சோதித்துவிட்டு அவசரமாக உலை வாங்கிவிட வேண்டாம்.

அந்த எண்களை அடுத்த கடிதத்தில் எழுது, எந்தப் பக்கம் போகலாம் என்று அப்போது சொல்கிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மணி