ரேஷன் கடை ரேகை மெஷினுக்கு கோட் எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். காசிமேட்டுல இருந்து எழுதுறேன். எங்கம்மா இருபது வருஷத்துக்கு மேல இறால் உரிக்கிற வேலை பாக்குறாங்க. போன மாசம் பாமாயில் வாங்கப் போனப்ப கட்டைவிரல், ஆள்காட்டி விரல்னு மாத்தி மாத்தி வெச்சும் ஆறு தடவை 'பொருந்தவில்லை'ன்னே வந்துச்சு, பின்னாடி க்யூ வேற, முந்தானைல தொடச்சு தொடச்சு வெச்சுப் பாத்துட்டு வெறும் பையோட வந்தாங்க. "நான் நான் இல்லன்னு சொல்லுதுடா அந்த டப்பா"ன்னு சிரிச்சாங்க.

காலேஜ்ல என் ஃபைனல் இயர் ப்ராஜெக்டே இதுதான், அதனால கேக்குறேன். ரேகை முடியுற இடம், ரெண்டா பிரியுற இடம், இந்தப் புள்ளிங்கள எடுத்து, ஒரு படத்த நகர்த்தித் திருப்பி இன்னொண்ணு மேல வெச்சு, எத்தன புள்ளி கிட்டத்தட்ட அதே இடத்துல அதே திசைல விழுதுன்னு பாத்து ஸ்கோர் போடுறோம், சரியா? கட் ஆஃப்க்கு கீழ போனா அவுட். ஆனா விரல ஓரமா வெச்சா ரெண்டு படத்துக்கும் பொதுவான ஏரியாவே கொஞ்சம்தான், அழுத்தி வெச்சா தோல் இழுபட்டு புள்ளி நகந்துடும், அப்புறம் எவ்ளோ திருப்பினாலும் முழுசா உக்காராது. அம்மா கட்டைவிரல்ல இறால் கொம்பு கிழிச்ச தழும்பு குறுக்க ஓடுது, புரோகிராமுக்கு அங்க எல்லா ரேகையும் 'முடிஞ்சு'போச்சு, அத்தனையும் பொய்ப் புள்ளி.

நான் டெஸ்ட் பண்ணது எஃப்விசி 2002ங்கற, ரேகை மேட்ச் பண்ற புரோகிராம்களுக்கு நடந்த போட்டியோட டேட்டா. விரல் குடுத்தவங்க இத்தாலில பொலோன்யா யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க, சராசரி வயசு 20. விரல வேணும்னே ஈரமாக்கி, காய வெச்சுக்கூட எடுத்திருக்காங்க, நல்ல வேலைதான், ஆனா ஐஸ்லயும் இறால் ஓட்டுலயும் ஊறுன கை அதுல எங்க? என் ப்ராஜெக்ட்டுக்கு நல்ல மார்க் வந்துச்சு, வீட்லயே இருந்த விரல நானும் டெஸ்ட் பண்ணல.

கட் ஆஃப கொறைங்கன்னு கேக்கல, கொறச்சா வேற எவனோ எங்க அரிசிய வாங்கிட்டுப் போவான். படம் மோசம்ங்கறதும் ஆள் வேறங்கறதும் வேற வேற பதில், ரெண்டுக்கும் ஒரே 'பொருந்தவில்லை' எதுக்கு? படத் தரத்துக்கு 1ல இருந்து 5 வரைக்கும் (1 நல்லது, 5 ரொம்ப மோசம்) மார்க் போடுற புரோகிராம அமெரிக்க அரசோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2004லயே குடுத்துடுச்சு. 5 வந்தா மேட்ச் பண்ணவே அனுப்பாம, 'விரல நடுவுல வைங்க', 'வேற விரல் வைங்க'ன்னு தமிழ்ல சொல்லட்டுமே.

டெஸ்ட் பண்ண விரல் வேணும்னா காலைல ஏலம் முடிஞ்சதும் ஹார்பருக்கு வாங்க, ஸ்கேனர தொடைக்க துணி மட்டும் எடுத்துட்டு வாங்க.