பொம்மையின் கண்ணால் பார்த்தால்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மேஜையில் நாம் ஆடும் பொம்மைப் போர் விளையாட்டைப் பற்றி உன் மகள் கேட்டதாக நீ எழுதியிருந்த விஷயத்தை, ஆடிப் பார்க்காமல் எழுத மனம் வரவில்லை. இப்போது மூன்று ஆட்டம் ஆடிவிட்டேன்.

முதலில் என் செய்தி. கண்ணாடியின் பவர் கூடிவிட்டது. 28 மில்லிமீட்டர் பொம்மையின் கண்ணில் புள்ளி வைக்க, விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடி இல்லாமல் முடிவதில்லை. மாதத்துக்கு நாலு பொம்மைதான் பெயின்ட் செய்ய முடிகிறது. அந்த நாலும் முன்பு செய்ததைவிட நன்றாகவே வருகின்றன. உனக்கு முதுகுவலி குறைந்ததும், புது வேலையில் இரவு ஷிஃப்ட் இல்லாததும் படித்து நிம்மதியாக இருந்தது.

சரி, உன் மகள் கேட்டதற்கு வருகிறேன். "இவங்க எதுக்குப்பா சண்டை போடுறாங்க?" இத்தனை வருஷமாக நாம் இருவரும் இதை ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டதில்லையே! பக்கத்துக்கு ஆறு பொம்மை, நடுவில் நாலைந்து புதையல் டோக்கன், யார் அதிகம் அள்ளுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. 1999-இல் வந்த மோர்ட்ஹைம் விளையாட்டில் விர்ட்ஸ்டோன் என்ற மாயக் கல்லைப் பொறுக்கினோம், 2015-இல் ஃப்ராஸ்ட்கிரேவ் விளையாட்டு வந்ததும் பனிக்குள் புதையல் பொறுக்கினோம். இரண்டும் எனக்கு உயிர். ஆனாலும் டோக்கனுக்கு அடியில் இருப்பது தங்கமா கல்லா என்பதால் கதை மாறுவதில்லை. அங்கே ஒரு செய்தி இருந்தால் மாறும். ஒரு பொம்மை அதைத் தெரிந்துகொண்ட பிறகு வேறு இடத்துக்கு ஓட வேண்டும், வேறு ஆளைத் துரத்த வேண்டும். அப்படி ஓட வைக்காத துப்பை நான் துப்பாகவே எண்ண மாட்டேன்.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. 1824-இல் பிரஷ்ய ராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி அமைத்த போர் விளையாட்டிலேயே நடுவர் ஒருவர் இருந்தார். தன் படைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் ஒருவருக்குத் தெரியும், மற்றதெல்லாம் நடுவர் கையில். 1989-இல் ஸ்பேஸ் ஹல்க் என்ற விளையாட்டு அதையே நடுவர் இல்லாமல் செய்தது. நெருங்கி வரும் டோக்கனுக்குள் எத்தனை எதிரி என்று பார்வையில் படும்வரை தெரியாது. நம் காலத்தில் 2021-இல் தி சில்வர் பயனெட் என்ற விளையாட்டு வந்தது. நெப்போலியன் காலத்துப் படைவீரர்கள் பூதங்களை வேட்டையாடுகிறார்கள், நடுவே தடயமும் தேடுகிறார்கள். எந்தப் பூதத்துக்கு வெள்ளி ஆகாது, எதற்கு இரும்பு ஆகாது என்று தெரிந்தவன் கை ஓங்குகிறது.

நான் செய்த முதல் ஆட்டம் பாழ். மூன்றடிக்கு மூன்றடி மேஜை. கலங்கரை விளக்கத்துக் காவலாளி காணாமல் போய்விட்டார், அவருடைய குறிப்பேட்டை யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள். டோக்கனைப் புரட்டிப் பார்க்க ஆறு முகப் பகடையில் 5 அல்லது 6 விழ வேண்டும் என்று விதி வைத்தேன். மூன்றில் ஒரு வாய்ப்புதானே, தொடர்ந்து மூன்று முறை தவறுவது அவ்வளவு அபூர்வமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. 27-இல் 8. கிட்டத்தட்ட மூன்று ஆட்டத்துக்கு ஒரு தடவை நடக்கும். அன்றைக்கே நடந்தது. என்னோடு ஆட வந்த நண்பர் கிணற்றடியில் ஒரு பொம்மையை நிறுத்திக்கொண்டு மூன்று சுற்று பகடையை மட்டும் உருட்டினார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல ஆகிவிட்டது அவருக்கு. நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

2007-இல் ராபின் லாஸ் கம்ஷூ என்ற ரோல்பிளே (பாத்திரமேற்று ஆடும்) விளையாட்டு முறையில் இதற்கு வழி சொல்லியிருந்தார். முக்கியமான துப்பைப் பகடையிடம் விடாதே, சரியான ஆள் சரியான இடத்தில் தேடினால் கிடைத்தே தீரட்டும். இதை நம் மேஜைக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றினேன். பொம்மை டோக்கனைத் தொட்டு நின்று ஒரு முழுச் செயலைச் செலவழித்தால் அடியில் உள்ள சீட்டை ரகசியமாகப் பார்க்கலாம். பகடை அதற்கு அப்புறம்தான். 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் சத்தமில்லை. 3 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் ஏதோ உடைந்து சத்தம் கேட்கிறது, மேஜையில் திரியும் காவல் நாயை எதிராளி ஆறு அங்குலம் நகர்த்தலாம். துப்பு நிச்சயம், அதற்குக் கொடுக்கும் விலைதான் நிச்சயமில்லை. இந்த ஒரு மாற்றத்தில் ஆட்டத்துக்கு உயிர் வந்தது.

இரண்டாவது ஆட்டத்தின் அமைப்பைக் கேள். சந்தேகத்துக்குரியவர்கள் நாலு பேர்: படகோட்டி, வைத்தியர், காவலாளியின் தம்பி, வியாபாரி. ஒளித்த இடமும் நாலு: கிணறு, மணிக்கூண்டு, படகுக் கொட்டகை, சுண்ணாம்புச் சூளை. ஆள் சீட்டில் ஒன்றும் இடச் சீட்டில் ஒன்றும் உறைக்குள் போய்விடும். மிச்சம் ஆறும் டோக்கன்களுக்கு அடியில். பார்த்த சீட்டைப் பார்த்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். 1949-இல் வந்த க்ளூடோ என்ற துப்பறியும் பலகை விளையாட்டின் தத்துவம்தான். அதில் 324 சேர்க்கை, இதில் 16. ஓடிக்கொண்டே சண்டையும் போடுகிறவனுக்கு 16 போதும். குறிப்பேட்டை எடுத்துவிட்டு உரிய ஆளிடம் போய்க் குற்றம் சாட்ட வேண்டும், தவறாகச் சாட்டினால் தோல்வி.

நாலாவது சுற்றுக்குள் எனக்கு நாலு சீட்டு தெரிந்துவிட்டது. படகோட்டி இல்லை, வைத்தியர் இல்லை, மணிக்கூண்டு இல்லை, கொட்டகை இல்லை. கிணறா, சூளையா? அப்போது நண்பரின் பொம்மை ஒன்று சூளையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வழியில் ஒரு டோக்கனைத் தொட்டு நின்றது, சீட்டைப் பார்த்தது. அடுத்த சுற்றில் சூளைக்கு நாலே அங்குலம் இருக்கும்போது அப்படியே திரும்பி வந்த வழியே ஓடியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! அவர் பார்த்தது சூளைச் சீட்டு. ஆக, கிணறு. அவர் வாயே திறக்கவில்லை, ஆனால் பொம்மையின் கால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பலகை விளையாட்டில் கேட்கிற கேள்வியால் மாட்டிக்கொள்வோம், இங்கே ஓடுகிற திசையால் மாட்டிக்கொள்கிறோம்.

கிணற்றில் நான்தான் முந்தினேன், குறிப்பேடு கிடைத்தது. தம்பிமேல் குற்றம் சாட்டினேன், தோற்றேன். உறைக்குள் இருந்தது வியாபாரி. அப்புறம்தான் கவனித்தேன், நண்பரின் வில்லாளி ஒருவன் மூன்றாம் சுற்றிலிருந்தே வியாபாரியின் பக்கத்தில் ஒரு வேலையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். என் கண்ணெதிரே இருந்த துப்பு அது.

மூன்றாவது ஆட்டத்தை உன் மகளை மனதில் வைத்தே செய்தேன். நம் விளையாட்டில் பொம்மையின் கண்மட்டத்துக்குக் குனிந்து, அது எதைப் பார்க்கிறது என்று பார்த்துத்தானே சுடுகிறோம். அதையே சாட்சியைச் சோதிக்க வைத்துக்கொண்டால்? வைத்தியர் சொல்கிறார்: "நான் மணிக்கூண்டு ஜன்னல் ஓரம் நின்றிருந்தேன். படகோட்டி சூளை வாசலில் குனிந்து எதையோ புதைத்ததைப் பார்த்தேன்." இதை ஒரு சீட்டில் எழுதி வைத்தேன். நம்ப வேண்டியதில்லை. ஒரு பொம்மையை ஏணி ஏற்றி அந்த ஜன்னலில் நிறுத்து, மேஜை விளிம்பில் கன்னத்தை வைத்துப் பார். நண்பர் அப்படித்தான் பார்த்தார். ஒரு கண்ணை மூடினார், தலையைக் கொஞ்சம் சாய்த்தார், மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். சூளையின் கூரை தெரிகிறது, புகைபோக்கி தெரிகிறது. வாசலைக் கொட்டகைச் சுவர் முழுக்க மறைக்கிறது. "வைத்தியர் பொய் சொல்றாரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தார். பகடையும் உருட்டவில்லை, சீட்டும் புரட்டவில்லை, தன் கண்ணால் கண்டுபிடித்தார். இத்தனை வருஷ ஆட்டத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. கட்டடங்கள் அரை அங்குலம் நகர்ந்தால் பொய் உண்மையாகிவிடும். ஒவ்வொன்றின் நாலு மூலையையும் மேஜை விரிப்பில் சாக்பீஸால் குறித்து வை. சாட்சிச் சீட்டை எழுதுமுன் லேசர் விளக்கை ஜன்னலில் பிடித்து ஒளி எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள். எதிரெதிரே ஆடாமல் நீயும் மகளும் ஒரே பக்கம் ஆடுவதானால் 2018-இல் வந்த ரேஞ்சர்ஸ் ஆஃப் ஷேடோ டீப் என்ற விளையாட்டின் பக்கம் போ. ஒருவராகவோ சேர்ந்தோ ஆடவென்றே எழுதியது. நேரம் கடக்கக் கடக்க ஆபத்து ஏற வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதே. இல்லையென்றால் ஒவ்வொரு டோக்கனாகப் புரட்டி முடித்துவிட்டுத்தான் யோசிக்க ஆரம்பிப்பீர்கள்.

நீ அட்டையில் செய்த அந்த இரண்டு மாடி வீடு இன்னும் இருக்கிறதா? இருந்தால் மேல் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பொம்மையை நிறுத்து, உன் மேஜையைப் பரப்பி, அதன் கண்மட்டத்திலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. எது தெரிகிறது, எது மறைகிறது என்று பார்த்து நாலு பேரின் வாக்குமூலம் எழுதி அனுப்புகிறேன். அதில் ஒருவர் பொய் சொல்வார். யார் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். மகளைக் கண்டுபிடிக்கச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய எதிராளி