படபடக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. தாள் நோயாளியிடம் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதயநோய் என்றாலே அடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் என்றுதான் நம் நாளிதழ்களில் பேச்சு நடக்கிறது. அடைப்பு என்றைக்கு ஆஞ்சியோ எடுத்தாலும் தெரியும். துடிப்பின் ஒழுங்கு தப்புகிற கோளாறோ, வந்து போனபின் பெரும்பாலும் எந்தப் படத்திலும் தெரியாது. அது நடக்கும்போதே எடுத்த ஈ.சி.ஜி. தாள் ஒன்றுதான் சாட்சி. அந்தத் தாளை நம் மருத்துவமனைகள் எப்படி நடத்துகின்றன என்பதைப் பற்றியே இக்கடிதம்.

என் மனைவிக்கு 52 வயதில் இது தொடங்கியது. மார்கழிக் காலையில் வாசலில் கோலம் போட்டு நிமிர்ந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கழுத்தில் நரம்பு துள்ளுவது நான்கடி தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது. ஆட்டோ பிடித்துக் கிளினிக்குக்குப் போய்ச் சேர்வதற்குள், எப்படிச் சட்டென்று வந்ததோ அப்படியே நின்றும் போயிற்று. ஈ.சி.ஜி. நார்மல். வாயு என்றார் ஒரு மருத்துவர்; மாதவிடாய் நிற்கும் வயது, மனக்கவலை என்றார் இன்னொருவர். வழக்கமான ஈ.சி.ஜி. பதிவு செய்வது சுமார் 10 விநாடிகளைத்தான். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள் இருக்கும்போது, அந்தப் பத்தை வைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்ல முடிகிறது என்று அன்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

மூன்றாம் முறை இரவு பதினோரு மணிக்கு வந்தது. வீட்டருகே இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில், படபடப்பு இருக்கும்போதே ஈ.சி.ஜி. எடுத்து, துடிப்பைச் சட்டென்று சீராக்கும் அடினோசின் ஊசி போட்டார்கள். சில விநாடிகள் உயிர் போவதுபோல் இருந்ததாக மனைவி சொன்னார், துடிப்பு சீராகிவிட்டது. காலையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியிலோ 'படபடப்பு, ஈ.சி.ஜி. நார்மல்' என்று எழுதி, ஊசிக்குப் பிறகு எடுத்த தாளை மட்டும் இணைத்திருந்தார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து இதய மின்னியல் நிபுணர் ஒருவர் கேட்ட முதல் கேள்வியே, "படபடக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. இருக்கிறதா?" என்பதுதான்.

நான் நீதிமன்றப் பதிவறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன். தாள் கேட்டு அலைவது எனக்குப் புதிதல்ல. மருத்துவர்கள் உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டு காக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. அதைச் சொல்லிக் கேட்டதும் கோப்பு கிடைத்தது. ஆனால், அந்தத் தாள் பிளாஸ்டிக் உறைக்குள் வெளிறிப்போய், இளஞ்சிவப்புக் கட்டங்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. ஈ.சி.ஜி. தாள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். சூடும் வெளிச்சமும் பிளாஸ்டிக் உறையும் அதற்கு ஆகாது. சென்னை வெயிலில் பரணில் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்து, 24 மணி நேரமும் ஈ.சி.ஜி.யைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மனைவி மாட்டிக்கொண்டு நடமாடினார். அன்று பார்த்து ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சிக்கியது. பணியிலிருந்த இளம் மருத்துவர் ஊசி போடுமுன் தாளை என்னிடம் நீட்டி, "இத முதல்ல போன்ல போட்டோ எடுத்துக்குங்க சார்" என்றார். ஒன்றரைப் பெரிய கட்டத்துக்கு ஒரு துடிப்பு. ஒரு நிமிடத்தில் தாளில் ஓடும் பெரிய கட்டங்கள் 300; அதை ஒன்றரையால் வகுத்தால் நிமிடத்துக்கு 200 துடிப்பு என்று அவரே சொல்லியும் கொடுத்தார்.

இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கணுவில் சிலருக்கு மின்னோட்டம் செல்ல இரண்டு பாதைகள் அமைந்திருக்கும். வேளை தப்பி வரும் ஒரு துடிப்பு ஒன்றின் வழியே இறங்கி மற்றதன் வழியே ஏறிச் சுற்றத் தொடங்கினால் இதயம் இப்படி ஓடும். தொடை வழியாக மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, மெதுவான பாதையைச் சூடேற்றி அணைத்தார்கள். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இதில் குணமாகிறது. மிக அரிதாகப் பேஸ்மேக்கர் தேவைப்படலாம் என்பதையும் முன்னதாகவே சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பினார், மாத்திரையும் நின்றது.

என் மனைவிக்கு வந்தது தொல்லைதானே தவிர, பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாத வகை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இன்னொரு துடிப்புக் கோளாறு அப்படியல்ல. அதில் மேலறை சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குவதால், இடது மேலறையின் பைபோன்ற மூலையில் இரத்தம் தேங்கி உறைந்து, மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தில் முடியலாம். அந்த ஆபத்து சுமார் ஐந்து மடங்காகிறது. இதுவும் தொடக்கத்தில் வந்து வந்து போகும். பலருக்குப் படபடப்பே இராது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேண்டுமா என்று முடிவெடுக்கவே ஈ.சி.ஜி. பதிவு வேண்டும். அதன் பிறகுதான் வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்து மருந்தைத் தேர்கிறார்கள். முடக்குக் காய்ச்சலால் இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு மிகச் சுருங்கியவர்களுக்குப் புதிய மாத்திரைகள் ஒத்துவருவதில்லை. பழைய வார்ஃபரினையே, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டியிருக்கிறது. தைராய்டு மிகைப்பாலும் இந்தத் துடிப்புக் கோளாறு வரும் என்பதால் அதையும் பார்ப்பார்கள்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். சாதாரண டிஜிட்டல் கருவிகள் பலவும் துடிப்பின் எண்ணிக்கையைக் காட்டுமேயன்றி, அது சீராக இருக்கிறதா என்று காட்டுவதில்லை. அதே வருகையில் முதியவர்களின் மணிக்கட்டில் ஒரு நிமிடம் விரல் வைத்துப் பார்த்து, தாளம் தப்பினால் ஈ.சி.ஜி.க்கு அனுப்பலாம். நாடி பிடித்த ஊர்தானே இது.

மக்கள் நல்வாழ்வுத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். படபடப்போ மயக்கமோ என்று வருபவருக்கு அந்நேரம் எடுத்த ஈ.சி.ஜி.யின் நகலை, சாதாரணத் தாளில் ஜெராக்ஸ் எடுத்தாவது, கையில் கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஊசிக்கு முன் துடிப்பு எவ்வளவு, எந்த வகை என்றும் எழுத வேண்டும். ஒரு நகலுக்கு இரண்டு ரூபாய் ஆகும். அதை நோயாளியிடமே வாங்கிக்கொண்டாலும் குறையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவறை ஊழியர்,
வில்லிவாக்கம், சென்னை - 49.